அலைமேல் நிற்பவர் யார்?

தோழர்களே, கொடைரோட்டில் இருக்கும் நமக்குக் கடல் என்பது ரயிலேறிப் போய்ப் பார்க்கிற ஒன்று. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியின் படங்களைச் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். ரமேஷ் புடிஹால் வெண்கலம் வென்றார்.

சென்னை அருகே கோவளத்தில், மீனவரான மூர்த்தி மேகவன் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சறுக்குப்பலகை ஏறக் கற்றுக்கொடுத்தார். கடற்கரைப் படங்களில் மீனவர் வலையோடு ஓரத்தில் நிற்பதுதானே வழக்கம்? இந்தப் பிள்ளைகள் படத்தின் நடுவில் நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் நிக் கபால்டன் என்ற கறுப்பின இளைஞர், கறுப்பர்கள் கூடும் சாண்டா மோனிகா கரையிலிருந்து பலகையில் படுத்துக் கையால் துழாவியே பல மைல் கடந்து மாலிபு அலைக்குப் போவார். 1951இல் அங்கேயே இறந்தார்.

நம் கதை கிணற்றில். ஊர்க் கிணற்றில் குதித்தால் தீட்டு என்று விரட்டப்பட்டவர்கள் நம் பெற்றோர். நம் தெருவில் பலருக்கு நீச்சல் தெரியாததற்கு (பெண்களைக் கேட்கவே வேண்டாம்) வேறென்ன காரணம்? 1927இல் மகாடு குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல.

கோவளம் போக ஆசைதான். அதற்கு முன், வரும் கோடையில் ஊர்க் கிணற்றிலேயே, பட்டப்பகலில், சேரிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கப் போகிறோம். படம் எடுப்பதும் நம் பிள்ளைகள்தான். கயிறும் காற்றடைத்த டியூபும் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.