பொம்மைத் தொப்பியின் கணக்கு

லண்டனுக்கு வடக்கே இருக்கும் லூட்டன், தொப்பியால் பிழைத்த ஊர். உள்ளூர்க் கால்பந்து அணிக்கே ‘தொப்பிக்காரர்கள்’ என்றுதான் பட்டப்பெயர். அங்கே மிஞ்சியிருக்கும் பட்டறை வேலையைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை வருவது இயல்பு: இதைக் கற்க நினைப்பவர் முதலில் பொம்மைக்குத் தொப்பி செய்து கையைப் பழக்கலாமே, சரக்கும் குறைவு, கெட்டாலும் நஷ்டமில்லை என்று. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. செலவு குறையும், வேலை குறையாது, கூடும். தலையைச் சிறிதாக்கிவிடலாம், சரக்கின் தடிமனை அப்படிச் சிறிதாக்க முடியாது.

வைக்கோல் தொப்பியை எடுத்துக்கொள்வோம். கோதுமைத் தாளைப் பின்னிய நாடாவை உச்சியின் நடுவில் சுருட்டித் தொடங்கி, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று கொஞ்சம் ஏறி உட்காரும்படி தைத்துக்கொண்டே போக வேண்டும். அச்சு எதுவும் இல்லை; தைப்பவர் விரல் நாடாவை இழுப்பதிலும் தளர்த்துவதிலுமே வடிவம் பிறக்கிறது. நாடா 6 மி.மீ. அகலம், அதில் 4 மி.மீ. வெளியே தெரிகிறது என்று வையுங்கள். 57 செ.மீ. சுற்றளவுள்ள ஆள் தலைக்கு உச்சி வட்டத்தில் இருபது சுற்றுக்கு மேல் வரும். ஆறில் ஒரு பங்கு பொம்மையின் தலை 9.5 செ.மீ.; அதற்கு மூன்று சுற்றோ நான்கோதான். இருபது சுற்றில் கண்ணுக்குத் தப்பும் பிசகு மூன்றே சுற்றில் கோணலாகப் பல்லிளிக்கும். முதல் சுற்றில் நாடா மடிந்து திரும்பவே இடமில்லை. நனைத்து, உள்விளிம்பை நூலால் சுருக்கி, கையால்தான் தைத்தாக வேண்டும். கம்பளியையோ ரோமத்தையோ அமுக்கிச் செய்யும் ஃபெல்ட்டிலும் இதே கதைதான். 2 மி.மீ. தடிமன் பொம்மையின் கணக்கில் 12 மி.மீ. ஆகிவிடும், மெத்தையைக் கவிழ்த்த மாதிரி. அதனால் மலிவான கம்பளி ஃபெல்ட் உதவாது. முயல் ரோம ஃபெல்ட்டை ஆவியில் இளக்கி, மரக்கட்டையில் இழுத்துக் கட்டி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்க வேண்டும். சின்னத் தொப்பி கேட்பது உயர்ந்த சரக்கை.

பசை எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். குழந்தை விளையாடிக் கிழிக்கப்போகும் தொப்பிக்குப் பசையே சரி. அதில் எனக்கு வீம்பு இல்லை. ஆனால் பசை ஊறிய இடம் விறைத்துப்போகும், மறுபடி ஆவி காட்டித் திருத்த வழியில்லை. திருத்த முடியாததில் கற்க என்ன இருக்கிறது?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பொம்மைக்கு ஏற்ற மெல்லிய பின்னல் முன்பு தாராளமாகக் கிடைத்தது. தாளை நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிளக்கும் சின்னக் கருவி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லூட்டன் அடங்கிய பெட்ஃபோர்டுஷயர் வட்டாரத்து வீடுகளில் பரவியிருந்தது. அந்தக் கீற்றுகளைப் பின்னியவர்கள் பெண்களும், ‘பின்னல் பள்ளி’ என்ற பெயரில் நெருக்கி உட்காரவைக்கப்பட்ட குழந்தைகளும். எட்டு வயதுக்குட்பட்டவர்களைக் கைத்தொழிலில் அமர்த்தக் கூடாது என்ற சட்டம் 1867-இல்தான் வந்தது. பிறகு சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மலிவான பின்னல் வந்து இறங்கியதும் பின்னல்காரர்கள் பிழைப்பிழந்தார்கள். அதே பின்னலை வாங்கித் தைத்து லூட்டன் பட்டறைகள் தழைத்தன. ஆகவே பழைய நுணுக்கத்துக்காக ஏங்குகிறவர், அது யாருடைய விரலிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இன்று விரும்பிக் கற்கும் பெரியவர் ஒருவர் தானே தாளைப் பிளந்து பின்னுவதில் அந்தக் கொடுமை இல்லை. அதே காரணத்தால், நேரத்துக்குரிய கூலியைப் போட்டால் பொம்மைத் தொப்பியின் விலை ஆள் தொப்பியின் விலையைத் தொடும். சேகரிப்பாளர்கள் சிலர் கொடுப்பார்கள். அதை நம்பி ஓர் ஊர் பிழைக்காது.

ஆனால் ஃபெல்ட்டை இழுத்துக் கட்டும் கட்டை விஷயத்தில் கணக்கு மாறுகிறது. தொப்பி அச்சுக்கட்டை செதுக்கும் தொழில் பிரிட்டனின் அருகிவரும் கைத்தொழில்களின் சிவப்புப் பட்டியலில் கடைசிக் கட்ட அபாயத்தில் இருக்கிறது. ஆள் அளவுக் கட்டையை மாணவர் செதுக்குவது லேசில் நடக்காது. எலுமிச்சை அளவு மரத்துண்டை உளியும் அரமும் கொண்டு வீட்டு மேசையிலேயே செதுக்கிவிடலாம். வாய் குறுகி வயிறு பருத்த தொப்பியென்றால் கட்டையைத் துண்டுகளாகச் செய்து, நடுத்துண்டை முதலில் உருவி மற்றவற்றை எடுக்க வேண்டும். அந்தச் சூட்சுமம் இரண்டு அளவுக்கும் ஒன்றே.