தொட்டியும் திரையும்

நீர்மட்டத்தை அளந்து குறிக்கும் தொழில் நம் தீவுகளுக்குப் புதியதன்று. 1881-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் கார் நிக்கோபாரை அடுத்த கடலடியில் நிலம் அதிர்ந்தபோது எழுந்த அலைகளை, போர்ட் பிளேரிலும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த அலைமானிகள் காகிதத்தில் வரைந்து வைத்தன. குழாய்க் கிணற்றினுள் ஒரு மிதவை, அதனோடு பிணைந்த எழுதுகோல், கடிகாரத்தால் சுழலும் ஓர் உருளை. அவ்வளவே கருவி. கடல் ஏறினால் கோடும் ஏறும். இன்று அந்தக் கோட்டின் இடத்தை எண் பிடித்துக்கொண்டது. மிதவை அசைய மின்னழுத்தம் மாறுகிறது. மாறிய மின்னழுத்தத்தை மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லு எண்ணாக்கிச் சொல்கிறது. அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய நம் ஊரில், கோடை வந்துவிட்டால் குழாய்த் தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை என்பதை அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தனிக்காரி அணையின் நீர் வற்ற வற்ற, வீட்டுத் தொட்டியின் கணக்கு நமக்கு முக்கியமாகிவிடுகிறது. என் தமக்கையின் வீட்டில் தரைக்கடியில் ஒரு தொட்டி, மாடியில் ஒரு தொட்டி. இரண்டின் மட்டத்தையும் அறிந்து மோட்டாரைத் தானே ஓட்டும் கருவி ஒன்றைச் செய்ய அவள் மகள் முனைந்தாள், பாலிடெக்னிக் மாணவி. ஆர்டுவினோ ஊனோ என்னும் பலகையை எடுத்துக்கொண்டாள். 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள அழுத்தத்தை அது 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாக மாற்றும். ஒரு படிக்கு ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட்.

அவள் பலகையைத் தொடுவதற்கு முன்பே கணிப்பொறித் திரையில் முழுவதையும் செய்து பார்த்துவிட்டாள். இதற்குச் சிமுலேட்டர் என்று பெயர். திரையிலேயே சில்லு, கம்பி, குமிழ் எல்லாம் உண்டு. குமிழைச் சுட்டியால் நகர்த்தினால் எண் மாறும். நிரலை நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு வரியாக நடத்தி, எந்த இடத்தில் எந்த மதிப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குக் கடலடிக் கம்பி தொடங்கி வைக்கப்பட்ட பிறகே இவ்வசதி நம் பிள்ளைகளுக்குத் தடையின்றிக் கிட்டிற்று. அதை இழிவாக எண்ணுதல் கூடாது. சென்னையில் ஒரு சில்லு கருகினால் மாலையே ரிச்சி தெருவில் வேறொன்று வாங்கலாம். நமக்கோ கப்பல் வர வேண்டும். ஆகையால் திரையில் கருகுவது நமக்கு இலாபமே.

திரையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மேசைமீது உண்மையான கம்பிகளை இணைத்ததும் தொல்லை தொடங்கிற்று. பழைய வானொலிப் பெட்டிகளிலிருந்து கழற்றிய இரண்டு ஒலிக் குமிழ்களை, பத்து இலட்சம் ஓம் தடை கொண்டவை, மிதவைக் கைகளில் பூட்டியிருந்தாள். கீழ்த்தொட்டிக் குமிழைத் திருப்பினால், தொடாத மேல்தொட்டியின் எண்ணும் சிறிது நகர்ந்தது. மிதவை பாதி உயர்ந்தால் எண் பாதிக்கு வரவில்லை. நீண்ட கம்பியைப் பூட்டியபோது எண் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளிற்று.

“மாமா, நிரலில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. கம்ப்யூட்டரில் சரியாக வருகிறதே!” என்றாள்.

“அப்படியானால் நிரலை விட்டுவிடு, அம்மா. சில்லின் காலில் மல்டிமீட்டரை வைத்துப் பார். மீட்டர் சொல்லும் வோல்ட்டும் உன் எண்ணும் ஒத்துவந்தால் குற்றம் வெளியே, ஒத்துவராவிட்டால் அந்தக் காலுக்கும் எண்ணுக்கும் நடுவே” என்றேன்.

மூன்று நோய்க்கும் அந்தக் குமிழே மூலம். சில்லினுள் மின்னழுத்தத்தை அளக்குமுன் ஒரு கணம் தேக்கி வைக்கும் மிகச் சிறு மின்தேக்கி ஒன்று உண்டு. ஆறு வாயில்களுக்கும் அந்த ஒன்றுதான் பொது. முதல் வாயிலைப் படித்தபின் இரண்டாவதைப் படிக்கும்போது, பழைய மின்னூட்டம் வடிந்து புதியது நிறைய வேண்டும். பெருந்தடை வழியே அது மெல்லத்தான் நிறையும். அதற்குள் சில்லு அளந்துவிடுகிறது. வாயிலுக்கு வரும் மூலத்தின் தடை பத்தாயிரம் ஓமுக்கு மிகாமல் இருத்தல் நலம் என்று சில்லைச் செய்தவர்களே குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். திரையிலுள்ள சுற்றுக்கு இத்தேக்கி பெரும்பாலும் தெரியாது. இரண்டாவது, ஒலிக் குமிழின் தடை சுழற்சிக்கு நேர்விகிதத்தில் மாறுவதன்று. காது ஒலியை உணரும் போக்கிற்கேற்ப வளைந்து மாறும். துள்ளலோ, சுவருக்குள் ஓடும் 50 சுழல் மின்சாரத்தின் சாயல்.

பத்தாயிரம் ஓம் கொண்ட நேர்விகிதக் குமிழ்கள் வந்தன. ஒரு சுழலுக்கு 20 மில்லிவினாடி ஆகையால், அந்த அவகாசம் முழுவதும் படித்துச் சராசரி எடுக்கும்படி நிரலை மாற்றினாள். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்று தீர்ந்தன. மோட்டார் கிளம்பும்போது விளக்கு மங்குமே, அப்போது கணக்குக் கெடாதா என்று அஞ்சினாள். கெடவில்லை. குமிழுக்கும் சில்லின் அளவுகோலுக்கும் ஒரே 5 வோல்ட்டையே தந்திருந்தாள். அது தாழ்ந்தால் இரண்டும் சேர்ந்தே தாழும், விகிதம் மாறாது. இது அவள் திட்டமிட்டதா என்று நான் கேட்கவில்லை.

கருவி மாடியேறிற்று. மழைக்காலம் பாதி கழிந்த ஒரு காலையில் தமக்கை வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டவில்லை. வீட்டிலோ கைக்குழந்தை. திரையைப் பார்த்தால் மேல்தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருப்பதாகக் காட்டிற்று. மாடியில் தொட்டி வெறுமை. உப்புக் காற்றில் பச்சை பூத்து, குமிழின் முனையிலிருந்து கம்பி அறுந்து கிடந்தது.

கம்பி அறும் என்று அவள் எண்ணாமலில்லை. எண் சுழியாக வந்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று நிரலில் எழுதி, திரையில் கம்பியைப் பிடுங்கிச் சோதித்தும் இருந்தாள். அங்கே சுழி வந்தது, விளக்கும் எரிந்தது. உண்மைக் கம்பி அறுந்தால் வாயில் சுழியாவதில்லை, யாருமற்ற அநாதையாகிறது. அந்தச் சிறு தேக்கியில் கடைசியாக எந்த அழுத்தம் இருந்ததோ அதையே திருப்பிச் சொல்லும். அதற்கு முன் படிக்கப்பட்டது கீழ்த்தொட்டி. அது அப்போது முக்கால் அளவு. ஒரு தொட்டியின் செய்தியை மற்றொரு தொட்டி தன் செய்தியாகச் சொல்லியிருக்கிறது! இதே நோய் கீழ்த்தொட்டியின் வாயிலுக்கு வந்திருந்தால், நீரில்லாமல் மோட்டார் ஓடிக் கருகியிருக்கலாம்.

ஒவ்வொரு வாயிலுக்கும் தரைமுனைக்கும் நடுவே இலட்சம் ஓம் தடை ஒன்றை வைத்தாள். கம்பி அறுந்தால் அது அழுத்தத்தைச் சுழிக்கு இழுத்துவிடும். இதனால் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு அளவு பிசகும். தண்ணீர்த் தொட்டிக்கு அது பொருட்டன்று. மிதவையின் கை இரு கோடிகளையும் தொடாதபடி நிறுத்தினாள். ஆகவே சுழி என்றால் இனிக் கம்பி அறுந்ததென்றே பொருள். இம்முறை கம்பியை மாடியில், தூறலில் நின்று பிடுங்கிப் பார்த்தாள்.

இதைவிடப் பெரிய தொட்டி ஒன்று நம்மைச் சுற்றிக் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் நாம் இழந்தவர்களை நினையாத குடும்பம் இங்கே இல்லை. அதன்பின் 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. எந்த இடத்தில் எவ்வளவு வலிமையாக நிலம் அதிர்ந்தால் எக்கரையில் எவ்வளவு அலை எழும் என்பதை அங்கே கணிப்பொறியில் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அதுவும் பாவனையே, அதிர்ச்சி நேர்ந்த சில நிமிடங்களில் வேறெதுவும் கைகொடுக்காது. ஆனால் கடலடியில் அழுத்தம் அளக்கும் கருவிகளும் கரையோர அலைமானிகளும் சொன்ன பிறகே உண்மை துலங்கும். 2012 ஏப்ரல் 11-இல் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. நிக்கோபாருக்கு எச்சரிக்கை வந்தது, மக்கள் மேடேறினார்கள். நிலம் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்தபடியால் அலை சிறிதாகவே எழுந்தது. அதை அளந்து சொன்னவை நீரில் நின்ற கருவிகள்.

மருமகள் இப்போது புதிதாக ஒன்று செய்கிறாள். மாடியிலிருந்து வரும் எண்களை ஒரு வாரத்துக்கு அப்படியே பதிந்து, துள்ளலும் தாழ்வும் அறுந்த கம்பியின் பிதற்றலும் உட்பட, திரையிலுள்ள சுற்றுக்கு ஊட்டுகிறாள். சுட்டியால் குமிழை நகர்த்திச் சோதித்த காலம் போயிற்று. நிரலை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, செவ்வாய்க்கிழமை விடியற்காலை மழையில் என்ன நேர்ந்தது என்று நிதானமாகப் பார்க்கிறாள். மாடி முனைகளை மூடுவதற்கான பிசின் மட்டும் சென்னையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருக்கிறது.