கிறீச்

வாகன இறக்குமதிக்கு 2020இல் விழுந்த தடை 2025 பெப்ரவரியில் நீங்கியும், வரியோடு வரும் புதுக்காரின் விலை வாத்தியார் சம்பளத்துக்கு எட்டவில்லை. மனைவியின் இரண்டு காப்பை விற்று, மிச்சத்துக்குக் கடன்பட்டு, 15 வருடம் ஓடிய ஒன்றை வாங்கினேன். எங்களுக்கு அதுதான் புதுக்கார்.

மூன்றாம் நாள், அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகையில் 'கிறீச்' என்றது. நான் ரேடியோவைக் கூட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தன் வெறுங்கையைப் பார்க்கிறாள் என்றே எனக்குப் பட்டது.

பிறகு கள்ளனைத் தேடுவதுபோல் தேடினேன். டிக்கியில் ஜாக்கி உருண்டது; பழந்துணி சுற்றி வைத்தேன். பின் ஆசனப் பட்டியின் கொளுக்கி தட்டியது, மாட்டிவிட்டேன். கராஜ் பாஸ் கீழே படுத்துப் பார்த்து, முன் சில்லுப் பக்கம் தேய்ந்திருந்த றப்பர் புஷ் இரண்டை மாற்றினார். பள்ளங்களில் கேட்ட 'டொக் டொக்' போனது. கிறீச் போகவில்லை. ஸுபஹுக்குப் பின் ஓடினால் இராது; லுஹர் வெயிலில் வரும். சூட்டில் பிளாஸ்டிக் விரிந்து ஒன்றோடொன்று உரசுகிறது! வெப்ப விரிவைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எனக்கு இது பிடிபட ஒரு மாதம் சென்றது. ஆனாலும் இடம் பிடிபடவில்லை.

ஒருநாள் நிந்தவூரைத் தாண்டும்போது, அவள் டேஷ்போட்டின் இடது மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சத்தம் நின்றது. கையை எடுத்தாள், வந்தது.

"இஞ்சதான். எனக்கு முதல் நாளே தெரியும். நீங்க ரேடியோவக் கூட்டினதால பேசாம இருந்தன்."

வீட்டுக்கு வந்ததும் தையல் பெட்டியிலிருந்து கம்பளித் துண்டொன்றை ஒட்ட வெட்டித் தந்தாள். கத்தி முனையால் அந்த இடுக்கில் செருகினேன். காப்பைப் பற்றி அன்றிரவுதான் முதன்முதலாகப் பேசினோம்.