திருப்பிக் காட்டு

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஊர்காவற்றுறையிலோ குருநகரிலோ நெடுந்தீவிலோ பைபர் வள்ளம் திருத்துகிற கொட்டிலில் உங்கள் வீட்டுப் பிள்ளை வேலை செய்தால், கடைசிவரை வாசித்து அவருக்கும் காட்டுங்கள். கதை ரொறன்ரோவில் ஒரு காருக்குள் தொடங்கும். முடிவது எங்கள் கரையில்தான்.

2012இல் சாதாரண தரம் எழுதிய என் பழைய மாணவன் ஒருவன் இப்போது கனடாவில் இருக்கிறான். வகுப்பில் "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டால், "வள்ளத்துக்கு ஒட்டுப் போடுறவர் சேர்" என்று மேசையைப் பார்த்துக்கொண்டு சொல்லுகிற பிள்ளை. போன வருடம் பழைய மஸ்டா எம்.எக்ஸ். 5 ஒன்று வாங்கினான். 1989இல் ஜப்பான்காரன் வெளியிட்ட சின்ன ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் இருக்கலாம், கூரையை மடிக்கலாம். எஞ்சின் பெரிதில்லை. கார் பாரமில்லை என்பதுதான் அதன் பெருமை. மொத்தமே ஏறக்குறைய ஆயிரம் கிலோ.

ஒரு நாள் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். கதவின் உட்பக்கத்தை மூடுகிற பழைய தட்டுகளைக் கழற்றிவிட்டு, கறுப்பாகப் பளபளக்கும் காபன் பைபர் தட்டுகளைப் பூட்டியிருந்தான். "மூண்டு மாதம் சேர்த்த காசு சேர். கார் இப்ப இன்னும் பாரம் குறைவு" என்று எழுதியிருந்தான்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பழக்க தோஷம், ஒரு கேள்விதான் கேட்டேன்: "நிறுத்துப் பார்த்தனியா?"

பதில் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மஃரிப் தொழுதுவிட்டு அவனுடைய தகப்பனாரைப் பார்க்கப் போனேன். அவர் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அண்ணை என்றே எழுதுகிறேன். இளம் வயதில் காரைநகர் சீநோர் படகுத்துறையில் வேலை பழகினவர். இளையவர்களுக்காக ஒரு வரி: குருநகரில் பிறந்து 1956இல் நோர்வேக்குப் போன அன்ரனி இராஜேந்திரம் அவர்கள், அங்குள்ள மக்களின் உதவியைத் திரட்டி எங்கள் கடற்றொழிலாளருக்காகத் தொடங்கிய திட்டம்தான் சீநோர். குருநகரில் வலை, காரைநகரில் பைபர் படகு. கார்ப் பந்தயக்காரர் காபன் பைபரால் உடல்கூடு செய்ய முன்னரே, துணியும் பசையும் சேர்த்துப் பாரமில்லாத பொருள் செய்யும் வித்தையை எங்கள் தீவுக்காரர் பழகிவிட்டார்கள். மக்லாரன் நிறுவனம் காபன் பைபரால் உடல்கூடு செய்த முதல் போர்மியூலா வண் காரை ஓடவிட்டது 1981இல்தான். யுத்தம் காரைநகர்ப் படகுத்துறையை நிறுத்தியது. அண்ணையின் கை நிற்கவில்லை. இன்றைக்கும் கரையில் ஒரு கொட்டிலில் உடைந்த வள்ளங்களுக்கு உயிர் கொடுக்கிறார்.

நான் இருக்கும்போதே மகன் வீடியோவில் வந்தான். அங்கே காலை. காரைக் காட்டினான். அண்ணை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தம்பி, உதைக் கழட்டித் திருப்பிக் காட்டு."

"ஏனப்பா, முன்பக்கம்தானே வடிவு?"

"வடிவு எனக்குத் தெரியுது. திருப்பிக் காட்டு."

கழற்றித் திருப்பினான். பின்பக்கம் வெள்ளையாக, சொரசொரவென்று, வைக்கோலை நறுக்கிக் கொட்டியதுபோல இருந்தது. அண்ணை சிரித்துவிட்டார்.

"உது எங்கட வள்ளத்துக்குப் போடுற மெட்டடா. மேலால ஒரு கறுப்புத் துணியை ஒட்டி வித்திருக்கிறாங்கள்."

பையனின் முகம் போய்விட்டது. கராஜில் கிடந்த பழைய தட்டையும் புதியதையும் அப்போதுதான் நிறுத்தான். பழையது, அழுத்திய மரநார் அட்டையில் றெக்சின் ஒட்டியது, 1 கிலோ 900 கிராம். மூன்று மாதக் காசில் வாங்கியது 2 கிலோ 150 கிராம்.

பாரம் குறைக்க வாங்கிய சாமான் பாரத்தைக் கூட்டியிருக்கிறது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. காபன் பைபர் என்றால் பஞ்சுபோல இருக்கும் என்று பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. காபன் நாரின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு, கண்ணாடி நாரினது 2.5 மடங்கு. பசையோடு சேர்த்துத் தகடாக்கினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் குறைந்துவிடும். காருக்குள் இருக்கும் சாதாரண பிளாஸ்டிக்கின் அடர்த்தியோ தண்ணீரினதற்குக் கிட்டத்தட்டச் சமம். அப்படியானால் காபனில் என்ன விசேஷம்? விறைப்பு. சாதாரண காபன் நார் கண்ணாடி நாரைப்போல மூன்று மடங்கு விறைப்பானது. அதனால் தகட்டை மெல்லியதாகச் செய்யலாம். மெல்லியதாகச் செய்வதால்தான் பாரம் குறைகிறது. தடிப்பான வள்ள மெட்டின் மேல் ஒரு கறுப்புத் துணியை ஒட்டினால் பெயர் மாறும், பாரம் மாறாது.

அண்ணை அதோடு விடவில்லை. கதவைக் காட்டச் சொன்னார். தட்டில்லாத கதவின் இரும்பும் வயர்களும் தெரிந்தன. கார் கதவை வாழ்நாளில் கழற்றியிராத மனிதர் கேட்ட கேள்வி இது:

"மழை பெய்தால் தண்ணி எங்கால போகும்?"

"கண்ணாடி ஏறி இறங்கிற நீக்கலால உள்ளுக்கு இறங்கி, கீழ இருக்கிற ஓட்டையால வெளிய போகும் அப்பா."

"அப்ப நீ இருக்கிற பக்கம் வராமல் எது மறிக்கும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஒரு பொலித்தீன் ஒட்டிக் கிடந்தது. பாரம் எண்டு அதையும் உரிச்சுப்போட்டன்."

அந்தப் பொலித்தீன் நூறு கிராமும் வராது. ஆனால் அதுதான் காருக்குள் தண்ணீர் வராமல் காக்கிறது. அது இல்லாவிட்டால் கம்பளம் நனையும், அடித்தகடு துருப்பிடிக்கும். பாரம் குறைப்பதென்றால் எதையாவது கழற்றி எறிவதல்ல. கழற்ற முன்னர் அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று அறியவேண்டும். புதிய கார்களில் இது இன்னும் கவனம். சில கார்களில் கதவுக்குள் பக்கவாட்டு மோதலை அறியும் கருவி இருக்கும், சிலவற்றில் காற்றுப்பையே இருக்கும். தெரியாமல் கை வைத்தால் பாரத்தோடு பாதுகாப்பும் போய்விடும். 1981இல் இத்தாலியின் மொன்ஸாவில் ஜோன் வொட்சன் ஓட்டிய மக்லாரன் பயங்கரமாக மோதி இரண்டாகப் பிரிந்தது. அவர் தன் காலாலேயே நடந்து வந்தார். காபன் கூட்டை நம்பாமல் இருந்தவர்கள் அதன் பிறகுதான் நம்பத் தொடங்கினார்கள். அந்தக் கூடு பாரம் குறைந்தது மட்டுமல்ல, மனிதனையும் காத்தது.

வாங்கியதைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. "நானே செய்யப்போறன்" என்றான் தம்பி. இரண்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ரொறன்ரோ கராஜுக்கும் ஊர்காவற்றுறைக் கொட்டிலுக்கும் இடையில் வீடியோ வகுப்பு நடந்தது. அண்ணைதான் ஆசிரியர். நான் பக்கத்தில் தேநீர் குடிக்கிற மாணவன்.

முதல் தட்டு பிழைத்தது. வள்ள ரெசினில், குளிர் நாளென்றால் காடினரைக் கொஞ்சம் கூட்டுவது அண்ணையின் வழக்கம். மகன் வாங்கியது எப்பொக்ஸி. அதில் அந்தக் கணக்குச் சரிவராது. சொன்ன அளவுக்குத் தராசில் நிறுத்துத்தான் கலக்கவேண்டும். கூட்டினால் வேகமாக இறுகாது, இறுகாமலே ஒட்டிக்கொண்டு கிடக்கும். நாற்பது வருட அனுபவம் உள்ளவர் போத்தலில் எழுதியிருப்பதை மகனைக் கொண்டு வாசிப்பித்து, "அப்ப நான் சொன்னது பிழை" என்றார். அந்த வசனத்தை எத்தனை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறோம்?

இரண்டாவதுக்கு, இரண்டு காபன் துணிகளுக்கு நடுவில் மெல்லிய நுரைத்தட்டு ஒன்றை வைக்கச் சொன்னார். படகின் தளத்துக்கு நடுவில் பலகை வைத்து மேலும் கீழும் மெட் ஒட்டும் அதே முறை. ஒரே பொருளாலான தகட்டின் தடிப்பை இரண்டு மடங்காக்கினால் வளையாமல் நிற்கும் பலம் எட்டு மடங்காகும். பாரமில்லாத ஒன்றை நடுவில் வைத்துத் தடிப்பைக் கூட்டினால், பாரத்தைக் கூட்டாமலே அந்த நன்மையில் பெரும்பகுதி கிடைக்கும். அண்ணைக்கு இந்தக் கணக்குத் தெரியாது. கை அறியும்.

அலுமினிய ஆணி போட வெளிக்கிட்டபோது நான் குறுக்கிட்டேன். காபன் மின்னைக் கடத்தும். ரோச் லைட் பற்றறியின் நடுக்கோல் காபன்தானே, சுற்றியுள்ள நாகம் கரைவதைப் பார்த்திருக்கிறோம். காபனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அதேபோல அலுமினியம் அரிக்கும். எங்களுக்குக் கடல் உப்பு. ரொறன்ரோவில் பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு. இடையில் பிளாஸ்டிக் வாசர் வைத்தான்.

கடைசியில் ஒரு தட்டு 900 கிராம் வந்தது. பழையதைவிடச் சரியாக ஒரு கிலோ குறைவு. இரண்டு கதவுக்கும் இரண்டு கிலோ. புதுப் பொலித்தீனும் ஒட்டினான். நான் இன்னொரு கணக்குக் கொடுத்தேன். அந்தக் காரின் தாங்கி ஏறக்குறைய 45 லீற்றர். ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோ. "இவ்வளவு பாடுபட்டு நீ குறைச்சது மூண்டு லீற்றர் பெற்றோலின்ர பாரமும் இல்லை" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். "தெரியும் சேர். ஆனா நான் அப்பாவோட இவ்வளவு நாள் கதைச்சதில்லை."

நான் இந்தப் பதிவை எழுதுவது அதற்காகவும் இல்லை.

மூன்றாவது வாரம் நடந்ததைச் சொல்லவேண்டும். தட்டின் ஓரத்தை மகன் மெசினால் உரஞ்சிக்கொண்டிருந்தான். கராஜ் முழுக்கக் கறுப்புத் தூசு. முகத்தில் ஒன்றுமில்லை. அண்ணை திடீரென்று சத்தம் போட்டார்.

"நிப்பாட்டு! முதல் வாயை மூக்கை மூடு!"

"அப்பா, நீங்கள் ஒரு நாளும் மூடினதில்லையே?"

அண்ணை பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்துவிட்டது. போனை என்னிடம் தந்துவிட்டு முற்றத்துக்குப் போனார். நாங்கள் இரண்டு பேரும், ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில், அந்த இருமல் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து, "அதுதான் சொல்லுறன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போன கிழமை கனடாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. சொக்லேட் இல்லை. வடிகட்டி பூட்டுகிற முகமூடிகள் நான்கு, கண்ணாடிகள் நான்கு, கையுறைகள். ஒன்று அண்ணைக்கு, மற்றவை கொட்டிலில் வேலை பழகும் பிள்ளைகளுக்கு. முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணை தான் முதலில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

பைபர் வேலை செய்யும் பிள்ளைகளே, பெற்றோரே, இவற்றை மனதில் வையுங்கள்:

உரஞ்சும்போது பறக்கும் தூசை விழுங்காதீர்கள். நல்ல தூசு முகமூடி போடுங்கள். லேஞ்சி கட்டினால் காணாது. முடிந்தால் தண்ணீர் தொட்டு உரஞ்சுங்கள், தூசு எழும்பாது.

ரெசின் மணத்துக்குத் தூசு முகமூடி உதவாது. அதற்குக் கரி வடிகட்டி உள்ளது வேண்டும். அது இல்லாவிட்டால் காற்றோட்டமான வெளியில் வேலை செய்யுங்கள். மூடிய அறை கூடவே கூடாது.

காடினர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி போடுங்கள். பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரால் நீண்டநேரம் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு தாமதியாமல் வைத்தியசாலை.

காடினரையும், ரெசினை வேகமாக்கப் போடும் ஊதா நிறக் கோபோல்ற்றையும் ஒருபோதும் நேரே ஒன்றோடொன்று கலக்காதீர்கள். வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்றவேண்டும்.

எப்பொக்ஸி வெறுங்கையில் படவேண்டாம். ஒருமுறை தோல் ஒவ்வாமை தொடங்கினால் அந்த வேலையையே விடவேண்டி வரலாம்.

இன்னுமொன்று. தம்பியின் காரைப் பார்த்த கூட்டாளிகள், இந்த வேலையை எங்கே படித்தாய் என்று கேட்டார்களாம். "காரைநகர் சீநோர், அப்பாவிட்ட" என்று சொன்னானாம். அதைக் கேட்டபோது மேசையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்ன பழைய பிள்ளை எனக்கு நினைவுக்கு வந்தான். உங்கள் பிள்ளை தகப்பனின் தொழிலைச் சொல்லக் கூச்சப்பட்டால், ஒரு நாள் அந்தக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முகமூடியோடு.

அண்ணையை வைத்தியரிடம் காட்ட அடுத்த கிழமை யாழ்ப்பாணம் கூட்டிப் போகிறேன். துஆச் செய்யுங்கள், பிரார்த்தியுங்கள்.

வஸ்ஸலாம்.