மணி என்ன ப்ரோ?

ரொம்ப நாளா எழுத நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். வழக்கமான மொக்கை இல்லை, பொறுத்துக்குங்க மக்களே.

2023ல சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பொட்டி தட்ட வந்தேன். தினமும் சிவிக் சென்டர் ஸ்டேஷன்ல இறங்கி, மார்க்கெட் தெரு வழியா ஆபீசுக்குப் பத்து நிமிஷ நடை. பக்கத்துலயே டெண்டர்லாயின். முதல் நாளே கூட வேலை பார்க்கும் தெலுங்கு நண்பர் மூணு விதி சொல்லிக் கொடுத்தார். போனை உள்ளே வை, யார் கண்ணையும் பார்க்காதே, நிக்காதே. நல்ல பையனா அப்படியே நடந்தேன். ஃபென்டனில் புகைச்சுட்டு நின்ன நிலையிலயே இடுப்பு மடிஞ்சு தொங்குற மனுஷங்களை, போஸ்ட் கம்பத்தைச் சுத்திப் போற மாதிரி சுத்திப் போகப் பழகிட்டேன். 'சும்மா கிடக்குற சோம்பேறிங்க'ன்னு மனசுக்குள்ள ஒரு நினைப்பும் இருந்துச்சு.

மூடிக் கிடந்த ஒரு கடை வாசல்ல ஒருத்தர் உக்காந்திருப்பார். ஐம்பது வயசிருக்கும், பச்சைத் தொப்பி. காசு கேட்டதே இல்லை. தினமும் ஒரே கேள்விதான். "மணி என்ன ப்ரோ?" சொல்லிட்டுப் போயிடுவேன். ஒரு நாள் காலை மீட்டிங் ரத்தாச்சு. ரெண்டு காபி வாங்கிட்டுப் போய், "உங்களுக்கு எதுக்குங்க மணி?"ன்னு கேட்டே கேட்டேன். சிரிச்சுட்டுத் தன்னோட ஒரு நாளைச் சொன்னார்.

விடிகாலையில தண்ணி அடிச்சு நடைபாதை கழுவ வண்டி வரும். அதுக்குள்ள சுருட்டிக்கிட்டு எந்திரிக்கணும். அடுத்து மருந்து. கடைசியா இழுத்து சில மணி நேரம் தாண்டினா வாந்தி, பேதி, குளிர், எலும்புக்குள்ள வலி. "சந்தோஷத்துக்காக அடிச்ச காலமெல்லாம் போச்சு. இப்ப இது நோகாம இருக்க"ன்னார். காசுக்குக் காலி கேன் பொறுக்கணும். கலிஃபோர்னியாவுல ஒரு சின்ன கேனுக்கு 5 சென்ட், பத்து டாலர் சேர 200 கேன். எல்லிஸ் தெருவுல கிளைட் சர்ச்சுல இலவசச் சாப்பாட்டு வரிசை, அதுக்கு ஒரு நேரம். கக்கூஸுக்கு ஒரு நேரம். ராத்திரி தூங்கினா ஷூவைக்கூடக் கழட்டிட்டுப் போயிடுவாங்க. அதனால முழிச்சிருக்க மெத், விடிஞ்சதும் அடங்க ஃபென்டனில்.

சிகிச்சைக்குப் போகலையான்னு கேட்டேன். மெத்தடோன் கிளினிக் போனாராம். ஆரம்பத்துல தினமும் காலையில நேர்ல போய் நிக்கணும். கூடாரத்தைப் பிரிச்சப்போ ஐடி கார்டும் போனும் குப்பை வண்டியில போயிடுச்சு. புது கார்டு வாங்கி, அதுவும் இதே மாதிரி போச்சு. நேரம் தப்பினா அன்னிக்கு டோஸ் இல்லை. எதுக்கு மணி கேக்குறார்னு அப்பதான் புரிஞ்சுது. எங்க புராஜெக்ட்ல இவ்வளவு டைட்டான ஷெட்யூல் சத்தியமா கிடையாது.

2024 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், தங்க இடம் இல்லாட்டியும் தெருவுல படுக்குறவங்களுக்கு நகரங்கள் தண்டனை கொடுக்கலாம்னு தீர்ப்பு சொல்லிச்சு. அப்புறம் இங்கே கூடாரம் பிரிக்குறது இன்னும் வேகமாச்சு. தொப்பிக்காரரும் இடம் மாறி மாறித்தான் கண்ணுல பட்டார்.

இப்ப சொல்ல வந்த விஷயம்.

அந்த வருஷம் அக்டோபர்ல ஒரு காலை. தலை மார்புல சாய்ஞ்சு, சுவரோரமா உக்காந்திருந்தார். மணி கேக்கலை. தூங்குறார்னு நினைச்சுத் தாண்டிப் போய், காபிக் கடை வரிசையில நின்னு, ஒரு லாட்டே வாங்கிட்டுத் திரும்பினேன். தள்ளுவண்டியில மூட்டையோட திரியுற ஒரு அம்மா அவரைத் தரையில சாய்ச்சுக் கத்திக்கிட்டிருந்தாங்க. உதடு நீலமா இருந்துச்சு. "911 அடி! தலையைப் பிடி!"ன்னு என்னைப் பார்த்து அதட்டினாங்க. தன்னோட மூட்டையில இருந்து நலாக்சோன் ஸ்ப்ரே எடுத்து மூக்குல அடிச்சு, வாயில ஊதினாங்க. மூணு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது ஸ்ப்ரே. அப்புறம் ஒரு பெரிய மூச்சு. கண்ணைத் திறந்ததும் எங்களைக் கெட்ட வார்த்தையில திட்டினார். அந்த மருந்து போதையை மூளையில இருந்து ஒரேயடியா பிடுங்கிடும், அதனால வலி மொத்தமா திரும்பி வருமாம். ஆம்புலன்ஸ் ஏத்திக்கிட்டுப் போச்சு. அந்த அம்மா வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

2023ல மட்டும் இந்த ஊர்ல 800 பேருக்கு மேல ஓவர்டோஸ்ல செத்தாங்க. அந்தக் கணக்குல இன்னொன்னு சேர, என்னோட ஒரு லாட்டே நேரம் போதுமா இருந்திருக்கும். வீடே இல்லாத அந்த அம்மா நின்னு பார்த்தாங்க. மாசம் வாடகை கட்டுற நான் பார்க்கலை.

தொப்பிக்காரரை அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். என்னை ஞாபகம் இல்லை. "மணி என்ன ப்ரோ?"ன்னார். எட்டு அம்பதுன்னேன்.

நலாக்சோன் இங்கே 2023ல இருந்து சீட்டு இல்லாமலே கடையில கிடைக்குது. லேப்டாப் பையில சார்ஜர் பக்கத்துல ரெண்டு வச்சிருக்கேன். இதுவரைக்கும் திறக்க வேண்டி வரலை. நடக்கும்போது, யாராவது படுத்திருந்தா நெஞ்சு ஏறி இறங்குதான்னு நின்னு பார்க்குறேன். அஞ்சு செகண்ட்தான் ஆகுது.