மகாலில் நடந்த வழக்கு



பிரான்சில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், ரூவான் நகர நீதிமன்றத்தின் படம் அனுப்பியிருந்தார். ஐநூறு ஆண்டுப் பழைய கட்டடம். 1944இல் குண்டுவீச்சில் சிதைந்ததைச் சீர்செய்து, இன்றும் அங்கே வழக்கு நடத்துகிறார்கள். "நம்ம பக்கம் இப்படி உண்டா சார்?" என்று கேட்டிருந்தார்.

உண்டு தம்பி. மதுரை திருமலை நாயக்கர் மகால்தான். 1636இல் அரண்மனையாகக் கட்டியது. ஆனால் 1970 வரை அதற்குள் மாவட்ட நீதிமன்றம் நடந்தது. நான் கண்ணால் பார்த்தவன்.

1968. ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பெற்ற தாத்தா மேலூர்ப் பக்கம், கொத்தனார். செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலைக்கு வந்து போவார். அவருக்கும் அவர் தம்பிக்கும் ஊரில் இருந்த பூர்வீக வீட்டின் மேல் பாகப்பிரிவினை வழக்கு. ஒரு வாய்தாவுக்கு என்னையும் கூட்டிப்போனார்.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத தூண்கள். கறுப்பு அங்கி போட்ட வக்கீல்கள் அவற்றின் நடுவே எறும்புபோலத் தெரிந்தார்கள். தாத்தா வழக்கை மறந்து தூணைத் தடவிக்கொண்டு நின்றார். "செங்கலும் சுண்ணாம்பும்தான்டா. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைச்சிருக்கான். நம்ம வேலைதான் இது" என்றார். மேலே குவிமாடத்தைக் காட்டி, "ஒரு உத்தரம் இருக்கா பாரு" என்றார். இல்லை. சுண்ணாம்பில் கட்டிய செங்கல், ஒன்றை ஒன்று தாங்கி நிற்கிறது.

எதிர்த் தூணடியில் சின்னத் தாத்தா உட்கார்ந்திருந்தார். அவரும் கொத்தனார்தான். அவர் கையும் தூணின் மேல்தான் இருந்தது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பின்னாளில் ஆசிரியராகி, பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனபோதுதான் மகாலின் கதையைப் படித்தேன். இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்குதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, பெரும்பகுதியைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார். பிறகு வெகுகாலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுதான் பழுதுபார்க்க வைத்தார். அதன்பின் கோர்ட்டு வந்தது. தினமும் ஆள் நடமாட்டம். ஒழுகினால் கேட்க ஆள் இருந்தது. கட்டியவன் பேரன் பிரித்ததை, யாரோ வந்து புழங்கிக் காப்பாற்றினார்கள்.

எங்கள் மேலூர் வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வழக்கு முடியும்வரை யாரும் குடியிருக்கக் கூடாது, யாரும் கைவைக்கக் கூடாது என்று இரு தரப்பும் பிடிவாதம். இரண்டு கொத்தனார்கள் உயிரோடு இருக்கும்போதே ஓடு சரிந்து, சுவர் கரைந்தது. தீர்ப்பு வந்தபோது பிரிக்க வெறும் மனைதான் மிச்சம். வழக்கு நடந்த கட்டடம் நிற்கிறது. வழக்குக்குக் காரணமான வீடு இல்லை.

இதை இன்று எழுதக் காரணம் இருக்கிறது. காரைக்குடியில் அப்பா கட்டிய நம் வீடு ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. நான்கு பங்கு, நான்கு பேச்சு. போன வாரம் போய்ப் பார்த்தேன். இரண்டாங்கட்டில் ஓடு உடைந்து, மழைத் தண்ணீர் சுவரில் இறங்கியிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் வரப்போவதாகவும் காதில் விழுந்தது.

தம்பிமாரே, தங்கச்சி, பொங்கலுக்கு எல்லோரும் வாருங்கள். பங்கை அப்புறம் பேசலாம். முதலில் ஓட்டை மாற்றுவோம். அந்தச் செலவு என் பென்ஷனில். சாவி என்னிடம்தான் இருக்கிறது. யார் வந்து குடியிருக்கிறேன் என்றாலும் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

மாணவச் செல்வங்களே, மதுரைக்குப் போனால் அந்தத் தூணை ஒருமுறை பாருங்கள்.

அன்புடன், உங்கள் ஆசிரியர்.