பெரிய படமும் பெரியம்மாவும்

ஒரு படி பாலைப் பக்குவமாகச் சுண்டக் காய்ச்சினால் கோவா. கொஞ்சம் கவனம் தப்பினால் வீடெல்லாம் தீய்ந்த வாடை. பெரியதைச் சிறியதாக்குகிற காரியம் எதுவுமே இப்படித்தான். கலியாண வீடியோ மட்டும் விலக்கா என்ன?

2012-ஆம் வருஷம் சென்னையில் என் தங்கையின் கலியாணம். ஹை டெஃபனிஷன் காமிராவில் படம் பிடித்தார்கள். குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. புடவையின் ஜரிகை இழையை எண்ணிவிடலாம்!

எங்கள் பெரியம்மா இருந்ததோ பரளச்சியில். அருப்புக்கோட்டையைத் தாண்டி, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமி. முழங்கால் வலி, கலியாணத்துக்கு வர முடியவில்லை. அவள் வீட்டுக் கூடத்தில், 2006-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல இலவசக் கலர் டி.வி.யும், ஒரு டி.வி.டி. பிளேயரும் உண்டு.

நம் நாட்டு முறைப்படி டி.வி.டி. கொள்ளுவது 720-க்கு 576 புள்ளிதான். பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்தில் ஒரு பங்கு! ஆனாலும் அந்தச் சின்னப் பெட்டிக்கு அது தாராளம்.

கலியாணம் முடிந்த நான்காம் மாதம் மாமா, அதாவது பெரியம்மாவின் தம்பி, திடீரென்று மாரடைப்பில் காலமானார். தாய்மாமன் சீரோடு அவர் மேடையேறியது அந்த வீடியோவில்தான் இருந்தது. ஒரு ஸ்டூடியோவில் செய்து வாங்கிய டி.வி.டி.யைப் பரளச்சிக்கு அனுப்பினோம்.

மறுநாளே பெரியம்மா டெலிபோனில் அழுதாள். "ஏண்டி, எந் தம்பி இப்பிடியா இளைச்சுப் போயிருந்தான்? சீக்காக் கெடந்தவன எங்கிட்ட மறைச்சுட்டீங்களே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா கடைசி வரை நல்ல ஆகிருதி.

விஷயம் இதுதான். டி.வி.டி.யில் அகலப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கித்தான் அடைக்கிறார்கள். 'இது அகலப் படம், விரித்துக் காட்டு' என்ற குறிப்பையும் கூடவே பதிய வேண்டும். ஸ்டூடியோவில் அதை விட்டுவிட்டார்கள். மணப்பெண், நாதஸ்வரக்காரர், வாழைமரம் எல்லாமே ஒட்டடைக் குச்சிதான். துக்கப்பட்ட கண்ணுக்குத் தம்பி ஒருவன்தானே தெரிவான்!

கம்ப்யூட்டர் தெரிந்த சித்தி மகன் அசல் பதிவிலிருந்து மறுபடி செய்தான். குறிப்பைச் சேர்த்ததும் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தது, முகங்கள் முகங்களாயின.

அடுத்த தொல்லை அத்தையின் அருப்புக்கோட்டைக் கைத்தறிப் புடவை. சின்னக் கட்டம் போட்டது. படத்தில் எறும்பு ஊருகிற மாதிரி மினுமினுத்தது. பழைய டி.வி. ஒற்றைப்படை வரிகளை ஒரு நடை, இரட்டைப்படை வரிகளை மறு நடை என்று விநாடிக்கு 50 நடையாக வரைகிறது. மெல்லிய கோடு ஒரு நடையில் தெரிந்து மறு நடையில் மறையும். ஆகவே முதலில் படத்தைச் சற்றே மழுங்கச் செய்து, அப்புறம் சிறிதாக்கினான். ஐந்து புள்ளியில் ஒன்றைப் பொறுக்காமல், ஐந்தையும் கலந்து ஒன்றாக்குகிற வித்தை. எறும்பு நின்றது.

மூன்றாவது, நேரம். 4.7 ஜிகாபைட் டி.வி.டி.யில் நல்ல தரத்துக்கு ஒன்றேகால் மணி நேரந்தான் பிடிக்கும். ஸ்டூடியோவில் மூன்று மணி நேரத்தைத் திணித்திருந்தார்கள். முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. பந்தி முழுவதையும், பரிசுப் பொருள் வரிசையையும் நாங்கள் வெட்டினோம். தாய்மாமன் சீரில் ஒரு விநாடி குறைக்கவில்லை.

இந்த முறை நானே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். பெரியம்மா பேசாமல் பார்த்தாள். "இவந்தாண்டி எந் தம்பி" என்றாள். பிறகு, "இன்னொரு வாட்டி போடு" என்றாள்.

இன்று கலியாணப் படங்கள் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. அங்கேயும் சுருக்கித்தான் அனுப்புகிறோம். அனுப்புமுன் பார்க்கிறவருடைய பெட்டியையும் கண்ணையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அசல் பதிவையும் இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள். கோவாவிலிருந்து பாலைத் திரும்ப எடுக்க எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது!